முன்னறைக்கு ஐந்து பெட்டி

பணத்தைக் கடன் கேட்பார்கள். அரிசியைக் கேட்பார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போய்வரக் கட்டியிருக்கும் கங்காத் துணியைக்கூடக் கேட்பார்கள். டைல்ஸை யாரும் கடன் கேட்பதில்லை. இதைக் கண்டுபிடித்தவள் சிவேமா அல்ல. நகர விளிம்பில் இருக்கும் ம்பகாலாவில் சிறுகச் சிறுக வீடு கட்டும் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். கையில் ரொக்கம் இருந்தால் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், இன்னொருவர் ஊரில் சாவு விழும். அதனால் பணியாரம் மாதிரி அரிசி மாவில் சுடும் விட்டும்புவா விற்ற காசில் ஒரு பெட்டி விலை சேர்ந்ததும் அவள் கடைக்குப் போய் டைல்ஸ் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். இரண்டு வருஷத்தில் இருபத்தைந்து பெட்டி சேர்ந்திருந்தது. இடம் போதாமல் கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். அவள் மகள் நஸ்ரா அதில் ஏறிப் படுக்க ஒரு ஸ்டூல் வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டிகள் இப்போது சமாஸியில் அவர்கள் கட்டிவரும் வீட்டில் இருந்தன. சுவர் எழும்பி, கூரை போட்டு, கதவும் மாட்டியாகிவிட்டது. தரை மட்டும் கரடுமுரடான கான்கிரீட். கோம்போ மேஸ்திரி முன்னறைக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, பூசாத சுவரிலேயே பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சிவேமாவும் பஸ் கண்டக்டரான அவள் கணவன் ஷொமாரியும் அவருக்குப் பின்னால் நின்று எண்களைப் பார்த்தார்கள்.

"கூலி ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். சிமெண்ட் பத்து மூட்டை, லட்சத்து எழுபது. மணல் எண்பது. டைல்ஸ் இடுக்கு அடைக்கிற பொடி, சில்லறை எல்லாம் சேத்து முப்பது. ஆக அஞ்சு லட்சத்து இருபதாயிரம்."

"கூலியில பத்து குறைச்சுக்குங்க மேஸ்திரி" என்றான் ஷொமாரி.

"உன் பஸ்ல ஏறினா நீ எனக்குக் குறைச்சுக்குவியா?"

"என் பஸ் இல்லையே, முதலாளி பஸ்."

"என் முட்டி என்னுதுதான். அதுக்கு நான்தான் தைலம் வாங்கணும்."

மூவரும் சிரித்தார்கள். சிவேமா கொஞ்சம் முந்தியே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவர்களிடம் இருந்தது ஆறு லட்சம் ஷில்லிங். அது அடுத்த ஆறு மாதத்துக்கான வாடகைப் பணம். வாடகை வீட்டுக்காரர் பெரியவர் சலேஹே, ஊர் வழக்கப்படி ஆறு மாத வாடகையை முன்னதாகவே வாங்கிக்கொள்வார். மாதாமாதம் என்கிற பேச்சே அவரிடம் கிடையாது. இந்த முறை அதைக் கொடுக்காமல், அந்தப் பணத்தில் தரையை முடித்துச் சொந்த வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். தரைக்குப் போக மிஞ்சும் எண்பதாயிரத்தில் சாமான் ஏற்ற வண்டியும் மின்சார வேலையும் ஆகவேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன்னால் பதில் வேண்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டார். அந்த அறைக்கு வேறொரு குடும்பம் பணத்தோடு காத்திருந்தது.

போக வேண்டியிருந்ததற்குக் காரணம் நஸ்ராவின் நெஞ்சு. வாடகை அறையின் சுவரை ஒட்டி மக்காச்சோளம் அரைக்கும் மில் இருந்தது. காலையில் மில் ஓடத் தொடங்கினால் தட்டு, தலையணை, துவைத்துப் போட்ட துணி எல்லாவற்றிலும் வெள்ளையாக மாவு படியும். ஏழு வயதுப் பிள்ளையின் மூச்சு விசிலடிக்கும். மருத்துவமனையில் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்கள்: மாவுத் தூசியும் கூடாது, சிமெண்டுத் தூசியும் கூடாது.

கோம்போ பெட்டிகளைப் பிரித்தார். சாந்து இல்லாமல் சும்மா நாலைந்து டைல்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொரு பெட்டி, பிறகு இன்னொன்று. பெட்டிகளின் பக்கவாட்டைத் திருப்பிப் பார்த்து அவற்றை மூன்று குவியலாக அடுக்கினார்.

"நஸ்ரா அம்மா, எல்லாம் ஒரே கடையிலதான வாங்கினே?"

"ஒரே கடை. ஒரே நம்பர் சொல்லித்தான் கேப்பேன்."

"நம்பர் ஒண்ணுதான். சூளை வேற. மாவு கரைக்கிறவ நீ, உனக்குத் தெரியாததா? ஒரே அரிசி, ஒரே சட்டி, ஆனா நேத்து சுட்டதும் இன்னிக்குச் சுட்டதும் ஒண்ணா இருக்கா? இது வெள்ளை. இதுல மஞ்சள் அடிக்குது. நிறம் கிடக்கட்டும், கண் பழகிக்கும். அளவைப் பாரு."

அவர் இரண்டு டைல்ஸை முதுகோடு முதுகாக நிறுத்தினார். ஒன்றின் விளிம்பு மற்றதைத் தாண்டி நின்றது. நகத்தின் தடிமன்தான் இருக்கும்.

"இந்த வித்தியாசம் அஞ்சாவது வரிசையில விரல் அகலம் ஆயிடும். கோடு ஓடிப் போய்டும். ஒரு ரூமுக்கு ஒரே ரகம்தான் போடணும்."

எண்ணிப் பார்த்தார்கள். சாம்பல் நிறத்தில் ஏழு பெட்டி, மற்ற இரண்டிலும் ஒன்பது ஒன்பது. இரண்டு படுக்கையறைகளுக்கும் ஐந்தைந்து பெட்டி போதும், நடைக்கு இரண்டு. சிக்கல் முன்னறையில். அதற்குப் பன்னிரண்டு பெட்டி வேண்டும். எந்த ரகத்திலும் பன்னிரண்டு இல்லை.

ஷொமாரி கடைக்கு ஓடினான். பழைய சரக்கு ஒரு பெட்டிகூடக் கிடையாது என்ற பதிலோடும், புதுச் சரக்கின் விலையோடும் திரும்பி வந்தான். பெட்டி முப்பத்தைந்தாயிரம், பன்னிரண்டு பெட்டி நாலு லட்சத்து இருபதாயிரம். அந்த எண்ணை யாரும் சுவரில் எழுதவில்லை.

"மிச்ச இடத்துக்குச் சிமெண்ட் பூசி விட்டுடலாம்" என்றார் கோம்போ. "எத்தனை வீட்ல அப்படிக் கிடக்கு."

"பொடி உதிருமா?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "இருக்கிற காசுல பூசினா ரெண்டு மாசத்துல உதிர ஆரம்பிக்கும்."

"அப்ப மில்லு வீட்டிலயே இருக்கலாமே" என்றாள் சிவேமா.

புதன்கிழமை மாலை கிடாவாவின் வீட்டு வாசலில் சிவேமா யோசித்துப் பார்த்தாள். அந்தச் சாம்பல் ரகத்தை எப்போது வாங்கினாள்? போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு லாரிச் சரக்கு வந்தபோது கடைக்காரர் விலையைக் குறைத்திருந்தார். அந்த மாதச் சீட்டுப் பணம் அவளுக்கு விழுந்தது. ஒரே நாளில் ஏழு பெட்டி வாங்கினாள். அன்று கடையில் சீட்டுக்காரப் பெண்கள் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். கடையில் தீர்ந்தால் என்ன, அந்த லாரி இந்தத் தெருக்களில்தான் எங்கேயோ கட்டில்களுக்கு அடியில் கிடக்கிறது. தன்னிடம் மிஞ்சும் ஆறு பெட்டியில் ஐந்தைக் கொடுத்து ஐந்து மாற்றிக்கொண்டால் ஒரு காசு செலவில்லை.

ஆனால் கேட்பது எப்படி? ஒருத்தியிடம் எத்தனை பெட்டி இருக்கிறது என்று கேட்பது அவள் உள்பாவாடையில் எவ்வளவு முடிந்திருக்கிறாள் என்று கேட்பது மாதிரி. காலையில் கேட்ட ஒருத்தி தரையைக் காட்டினாள். அவள் போட்டு முடித்துவிட்டாள். இன்னொருத்தி, "டைல்ஸா? எங்ககிட்டயா? அரிசிக்கே வழியில்ல" என்றாள். அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாமல் அவளிடம் இருக்கிறது என்று சிவேமாவுக்குப் புரிந்தது. வற்புறுத்தவில்லை.

கிடாவாதான் சீட்டு நடத்துகிறவள். பேச்சில் யாரையும் விடமாட்டாள். "தேடி அலையுறியே, உன் நாத்தனார்கிட்டக் கேட்டியா?"

"ஸைத்தூனி அண்ணியா? அவங்க எங்க டைல்ஸ் வாங்கினாங்க?"

"அன்னிக்கு உனக்கு முன்னாடியே வந்து அஞ்சு பெட்டி தூக்கிட்டுப் போனாளே. யார்கிட்டயும் சொல்லாதேன்னா. ஒரு வருஷம் சொல்லாம இருந்துட்டேன், எனக்கு அதுவே பெரிசு."

ஸைத்தூனி ஷொமாரியின் அக்கா. அவனுடன் பிறந்தவள் அவள் ஒருத்திதான். பிள்ளை இல்லை. அவள் கணவன் ரஜபு போன வருஷம் பக்கத்து ஊரான கிபாஹாவில் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டான். அதற்குப் பிறகு ஸைத்தூனி வீட்டிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாகப் புது மனைவி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஃப்ரிட்ஜ் போய்விட்டது. தையல் மிஷினும் போய்விட்டது.

வியாழக்கிழமை சிவேமா போனபோது ஸைத்தூனி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா விட்டும்புவா ராணி. எண்ணெய் வாசனை உனக்கு முன்னாடியே வந்துடுச்சு."

"உங்க வாய் தெருமுனை வரைக்கும் வந்து என்னை வரவேற்குதே அண்ணி, அதுக்கு முன்னாடி எண்ணெய் எம்மாத்திரம்."

"என் தம்பி இளைச்சுட்டான். சோறு போடுறியா, இல்ல ஓட்டை விட்டும்புவாதான் போடுறியா?"

"உங்க தம்பி இளைக்கல. பஸ் படிக்கட்டுல நசுங்கிட்டாரு."

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சுவரோரம் பூப்போட்ட கங்கா விரித்த தாழ்வான மேசை ஒன்று இருந்தது. அதன்மேல் தட்டுகள், தெர்மாஸ். சிவேமா பலமுறை அதில் வைத்த டீயைக் குடித்திருக்கிறாள். இன்று அதன் உயரத்தைப் பார்த்தாள். அகலத்தையும் பார்த்தாள்.

ஸைத்தூனி அவள் கண் போன இடத்தைக் கவனித்துவிட்டாள். கையோடு கொண்டுவந்திருந்த துருவல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"யார் சொன்னா? கிடாவாவா? அவ நாக்கை அறுத்துக் குழம்பு வைக்கணும்."

சிவேமா எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று குவியல், கோம்போவின் கணக்கு, நாளை மதியக் கெடு, நஸ்ராவின் மூச்சு. மாற்றிக்கொள்ளலாம், பெட்டிக்குப் பெட்டி, தன்னுடையதும் நல்ல சரக்குதான் என்றாள்.

"மாத்திக்க மாட்டேன்" என்றாள் ஸைத்தூனி. "உன் மஞ்சளை வச்சு நான் எந்த அரண்மனைக்குத் தரை போடப் போறேன்? இதுமேல வச்சுத்தான் ரஜபு தினமும் சோறு தின்னுறான், தெரியுமா? தட்டை வச்சு, மோதிர விரலால தட்டி, 'இந்த மேசை நல்லா கனமா இருக்கு'ங்கறான். கொஞ்ச நாளா ரொம்பத் தட்டுறான்."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அஞ்சையும் எடுத்துட்டுப் போ. காசு வேணாம், மாத்தும் வேணாம். உன் முன்னறையில போட்டுக்க. ஆனா அது என்னுது. என்னிக்காவது இவன் என்னைப் போன்னு சொன்னா, நான் வந்து என் டைல்ஸ் மேல படுத்துக்குவேன். நீ மூஞ்சியைத் தூக்கக் கூடாது."

"உங்க தம்பி வீடு அண்ணி. அங்க வர்றதுக்கு டைல்ஸ் எதுக்கு?"

"தம்பி வீட்டுக்கு வந்தா நான் விருந்தாளி. ரெண்டு நாள் விருந்தாளி, மூணாம் நாள் கையில மண்வெட்டி. பழமொழி சும்மாவா சொன்னாங்க? கீழே என் தரை இருந்தா யாரு மண்வெட்டி குடுப்பா?"

சிவேமாவின் வாயிலிருந்து வந்தது, "எப்ப வருவீங்க?"

கேட்ட பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவளுக்கே தெரிந்தது. ஸைத்தூனி சிரித்தாள், கோபமில்லாத சிரிப்பு, ஆனால் நீண்ட நேரம் சிரித்தாள்.

"கணக்குப் போட ஆரம்பிச்சுட்டா பாரு. வராமலும் போகலாம். போய் யோசிச்சுட்டு வா. நாளைக்கு ரஜபு கிபாஹா போயிடுவான்."

யோசித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான். கோம்போவின் சுவர்க்கணக்கில் இதற்கு இடம் இல்லை. ஓர் ஆளுக்குத் தினமும் எவ்வளவு அரிசி என்று சொல்லிவிடலாம். காலையில் எழுந்தவுடன் மாவு நீர்த்துவிட்டது என்று சொல்லப்போகும் வாய்க்கு என்ன விலை? முன்னறையில் ஒருத்தி நிரந்தரமாகப் படுத்திருந்தால், சோபா வாங்கும் நினைப்பை விட்டுவிட வேண்டும். வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது? ஒரு மாதமா, சாகும்வரையா? பெட்டி ஒன்றுக்கு முப்பத்தைந்தாயிரம் என்பது அதனோடு பார்த்தால் தெளிவான விலையாகத் தோன்றியது. கொடுத்தால் முடிந்தது.

ஷொமாரியிடம் சொன்னபோது அவன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவை வேண்டாம் என்று அவனால் சொல்ல முடியாது. வரட்டும் என்று மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியவில்லை.

"நீதான் சொல்லணும்" என்றான்.

"எல்லாத்தையும் நான்தான் சொல்லணும். விசில் அடிக்க மட்டும் நீ."

"அக்கா கெட்டவ இல்ல."

"கெட்டவங்களா இருந்தா சுலபம். வேணாம்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்."

வெள்ளிக்கிழமை விடியலில் அவள் குழிச்சட்டியில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தபோது மில் ஓடத் தொடங்கியது. சுவர் அதிர்ந்தது. உள்ளே நஸ்ரா எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் படுக்கையில் ஊன்றி, தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சை இழுத்தாள். அந்த விசில் சத்தம் மில் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. சிவேமா சட்டியை இறக்கி வைத்தாள். குழிகளில் இருந்த விட்டும்புவா எல்லாம் கருகிப்போயிருந்தது.

அவள் முதலில் ஸைத்தூனி வீட்டுக்குப் போகவில்லை. பெரியவர் சலேஹேயிடம் போனாள். பெட்டி கைக்கு வருவதற்கு முன்னால் வாடகை அறையை விடுவது புத்திசாலித்தனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பெரியவருக்குப் பதில் சொல்லாமல் ஸைத்தூனியிடம் போனால், தன் வாய் வேறு ஏதாவது பேரம் பேசிவிடும் என்று பயந்தாள்.

"ஷிகாமோ பெரியவரே" என்று வணக்கம் சொன்னாள். "நாங்க காலி பண்றோம்."

"தரை முடிஞ்சுதா?"

"முடிஞ்சிடும்."

"முடிஞ்சிடும்னா முடியலன்னு அர்த்தம்" என்றார் அவர். "நான் அவங்ககிட்டப் பணம் வாங்கிட்டா அப்புறம் திரும்பி வராதே."

"வரமாட்டேன்."

பஜாஜ் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு ஸைத்தூனியின் வாசலில் இறங்கியபோது, உள்ளேயிருந்து ஆண்குரல் கேட்டது. ரஜபு கிபாஹா போகவில்லை. தொழுகைக்கு வெள்ளை அங்கி போட்டு, மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

சிவேமா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அறையை விட்டாயிற்று. வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். ரஜபு நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன நஸ்ரா அம்மா, காலையிலயே வண்டியோட? யாரைக் கடத்தப் போறே?"

அவள் பதில் தேடுவதற்குள் ஸைத்தூனி சமையல் பக்கத்திலிருந்து வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. மேசைமேல் இருந்த தெர்மாஸை எடுத்தாள், தட்டுகளை எடுத்தாள், கணவனின் கஞ்சிக் கோப்பையையும் அவன் கையில் கொடுத்தாள். பிறகு கங்காவை உருவினாள். ஐந்து அட்டைப் பெட்டிகள்.

"இவ டைல்ஸ்" என்றாள். "இடமில்லன்னு இங்க வச்சிருந்தா. எடுத்துட்டுப் போக வந்திருக்கா."

ரஜபு பெட்டிகளைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். பிறகு சிவேமாவைப் பார்த்தான்.

"உன்னுதா?"

ஸைத்தூனி அவளைப் பார்க்கவில்லை. கங்காவை மடித்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பெட்டிகள்மேல் அண்ணிக்கு இருந்த உரிமை அந்த வார்த்தையோடு முடிந்தது. நாளைக்கு ஸைத்தூனி வந்து இது என்னுது என்றால் செல்லாது, புருஷன் எதிரில் இது சிவேமாவுடையது என்று சொன்னவளே அவள்தான். ஸைத்தூனி அதை அறியாமல் சொல்லக்கூடியவள் அல்ல.

"ஆமா அண்ணே" என்றாள் சிவேமா. "எங்க முன்னறைக்கு."

"அப்ப இத்தனை நாள் உங்க சாமானுக்கு என் வீடு காவலா? கிடங்கு வாடகை குடுத்துட்டுத் தூக்கு."

"நாளைக்கு விட்டும்புவா கொண்டாறேன்."

"கருகாததா கொண்டா" என்றாள் ஸைத்தூனி. குனிந்து முதல் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தாள். இரண்டு பெண்களும் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். ரஜபு கோப்பையை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான். கடைசிப் பெட்டியை ஆட்டோவில் தள்ளும்போது சிவேமா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "போ, வண்டிக்காரன் மீட்டர் இல்லாமலே ஏத்துவான்" என்று சொல்லி ஸைத்தூனி உள்ளே போய்விட்டாள்.

சமாஸியில் கோம்போ நூல் கட்டித் தயாராக இருந்தார். பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தார், ஒரு டைல்ஸை எடுத்துப் பழையதோடு முதுகு சேர்த்து நிறுத்தினார். விளிம்புகள் ஒன்றாக நின்றன. அவர் வாயில் கவ்வியிருந்த பென்சில் விழுந்தது.

"இதே லாரிதான். எங்க பிடிச்சே? சரி, பன்னெண்டு பெட்டியையும் கலந்து போட்டுடறேன். கலந்தாதான் ஒரே மாதிரி தெரியும்."

"வேணாம் மேஸ்திரி. இந்த அஞ்சையும் தனியா, ஜன்னல் பக்கமா சேத்துப் போடுங்க."

"எதுக்கு? எல்லாம் ஒரே ரகம். எது எதுன்னு யாருக்கும் தெரியப் போறதில்ல."

"எனக்குத் தெரியணும்."

கோம்போ தோளைக் குலுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் முட்டி போட்டார். சிவேமா அங்கே நின்று பார்த்தாள். காற்று வரும் இடம். மதியத்துக்கு மேல் வெயில் விழாது. ஒரு பாய் விரித்து, ஒரு துணிப்பெட்டியும் வைத்தால்கூடத் தாராளமாக இருக்கும்.

"சோபாவும் டிவியும் இங்கதானே வரும்?" என்று கேட்டார் கோம்போ. "அப்படின்னா வெட்டுத் துண்டை எல்லாம் இந்தப் பக்கம் போட்டு மறைச்சுடலாம்."

"முழுசு போடுங்க" என்றாள். "அங்க எதுவும் வைக்கப் போறதில்ல."